இவை என் எழுத்து

ஆனி மாதத்தில் மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கி, பேரருவியும் ஐந்தருவியும் பெருகி, குற்றாலத்துக்குப் போகும் சாலையில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் அதே நாட்களில், தென்காசியின் ரதவீதிகளிலும் கூலக்கடை பஜாரின் மாடிகளிலும் வேறொரு கூட்டம் சேர்வதை இவ்வூரில் நெடுங்காலம் வசித்தவர்கள் கவனித்திருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வங்கிப் புத்தகங்களையும் பான் கார்டையும் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு படியேறுவார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையின் கமிஷன் கடைக்காரர் காலை வியாபாரம் முடிந்த கையோடு வந்து நிற்பார். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் கடையநல்லூர்க்காரர், திரும்பிப் போகும் தேதியை எண்ணியபடி வாசலிலே காத்திருப்பார். மாதச் சம்பளக்காரருக்கும் ஓய்வூதியதாரருக்கும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31 ஆதலால், அருவியில் ஜனம் மிகும்போதே இந்த மாடிகளிலும் ஜனம் மிகுகிறது. அருவிக்கரையில் ஒருவர் எல்லை தாண்டிக் கால் வைத்தால் காவலர் விசில் ஊதி நிறுத்திவிடுகிறார். இங்கே ஒரு தொகை தவறான கட்டத்தில் விழுந்துவிட்டால், அது தெரியவருவதற்கு மாதங்களும் சில சமயம் வருஷங்களும் ஆகின்றன.

இந்த மாடிகளில் அமர்ந்து ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் எல்லோரையும் நம் ஜனங்கள் 'ஆடிட்டர்' என்றே மரியாதையாக அழைக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பலவகை மனிதர்கள் அடங்கியிருக்கிறார்கள். 1949ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த பட்டயக் கணக்காளர் கழகத்தின் கடுமையான பரீட்சைகளில் தேறியவர் ஒருவர். வணிகவியலிலோ சட்டத்திலோ பட்டம் பெற்று, வருமான வரிப் பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொண்டவர் மற்றொருவர். பெரிய அலுவலகமொன்றில் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்து தொழிலைக் கையால் கற்றவர் வேறொருவர். கணினியும் இணைய இணைப்பும் வைத்திருக்கும் காரணத்தினால் ஆதார் திருத்தத்தோடும் ரயில் டிக்கெட்டோடும் இதையும் சேர்த்துச் செய்பவர் இன்னொருவர். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 288ஆம் பிரிவு, வரி அதிகாரியின் முன்னிலையில் இன்னொருவருக்காக ஆஜராகத் தகுதியுடையவர் யார் யார் என்று வரையறுத்ததே தவிர, ஒருவருடைய ரிட்டர்னை எழுதிக் கொடுப்பவருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று விதிக்கவில்லை. ஆகவே எழுதிக் கொடுக்கும் வேலைக்கு இந்நாட்டில் உரிமம் வேண்டியதில்லை, யாரும் செய்யலாம்.

நம்முடைய பழைய வழக்கம் இதற்கு மாறானது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் உள்ள சாசனங்களின் கடைசி வரிகளைப் படித்தவர்கள், தானம் கொடுத்தவர் பெயரும் நிலத்தின் எல்லையும் சொல்லி முடிந்தபின், ஊர்க்கணக்கரும் சாட்சிகளும் தத்தம் பெயரைச் சொல்லி 'இவை என் எழுத்து' என்று ஒப்பமிட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். இன்றைக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் கிரயப் பத்திரத்தில், அதை எழுதிய ஆவண எழுத்தரின் பெயரும் உரிம எண்ணும் இடம்பெறுகின்றன. கைநாட்டு வைக்கும் மனிதருக்கு, வைப்பதற்கு முன்னால், பத்திரத்தை உரக்க வாசித்துக் காட்டுவது அத்தொழிலின் நல்லொழுக்கமாக இருந்து வந்திருக்கிறது. வருமான வரி ரிட்டர்னில் மட்டும், எழுதியவர் யார் என்பதற்குப் பொதுவாகச் சுவடே இல்லை. உண்மையென்று உறுதிமொழி கூறுபவர் வரி செலுத்துபவர் ஒருவரே. அவரோ பெரும்பாலும் அதை வாசித்தவரல்லர். இந்த ஒரு குறையிலிருந்தே மற்றக் குறைகள் பலவும் கிளைத்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

இலஞ்சியில் வசிக்கும் என் மதினிக்கு நேர்ந்ததைச் சொன்னால், தவறு எவ்வளவு சாதுவாக உள்ளே வருகிறது என்பது விளங்கும். என் தமையனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றுக் காலமானவர். மதினிக்கு மாதம் 40,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது; தமையனாரின் ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் போட்டு வைத்ததில் வருஷத்துக்கு 2,70,000 ரூபாய் வட்டி வருகிறது. 2025ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த பையன் வணிகவியல் பட்டதாரி, நல்ல பிள்ளை, வேலையில் வேகம் உண்டு. வங்கிப் புத்தகத்தில் 'பென்ஷன்' என்ற சொல்லைக் கண்டான். ஓய்வூதியர் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தான். தொகையைச் சம்பளம் என்ற தலைப்பின்கீழ் எழுதினான். சம்பளத்துக்குரிய நிலைக்கழிவு 75,000 ரூபாய் தானாகவே கழிந்துவிட்டது. மொத்த வருமானம் ஏழரை லட்சம் என்பது 6,75,000 ஆயிற்று. அந்த ரிட்டர்னுக்குரிய வருமான வருஷத்தில் புதிய வரிமுறையில் ஏழு லட்சம் வரைக்கும் வரித் தள்ளுபடி இருந்தமையால் வரி ஒன்றுமில்லை என்று கணக்கு முடிந்து, வங்கி வட்டியில் பிடித்திருந்த 27,000 ரூபாயும் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. மதினிக்குச் சந்தோஷம். பையனுக்கும் சந்தோஷம்.

ஆனால் குடும்ப ஓய்வூதியம் சட்டத்தின் கண்ணில் சம்பளம் ஆகாது. உத்தியோகம் பார்த்தவர் கணவர். மனைவிக்கும் அரசாங்கத்துக்கும் இடையே முதலாளி ஊழியர் என்ற சம்பந்தம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆகவே அவர் பெறும் தொகை 'இதர வருமானம்' என்ற தலைப்பில் சேர வேண்டியது. அதற்குக் கழிவு மூன்றில் ஒரு பங்கு, அல்லது புதிய வரிமுறையில் 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. அப்படிக் கணக்கிட்டால் வருமானம் 7,25,000. ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டபடியால் தள்ளுபடி கிடையாது. வரி 22,500, அதன்மேல் கல்வி சுகாதாரத் தீர்வை 900, ஆக 23,400 ரூபாய். 3,600 ரூபாய் மாத்திரமே திரும்பி வரவேண்டிய இடத்தில் 27,000 வந்திருக்கிறது. ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. ஒரு ரசீதும் மறைக்கப்படவில்லை. ஒரு தலைப்பு மாறியது, அவ்வளவே. 'ஆச்சி, இது உங்க பென்ஷனா, தாத்தாவுக்குப் பிறகு வர்ற பென்ஷனா?' என்று ஒரே ஒரு கேள்வியை அந்தப் பையன் கேட்டிருந்தால் அந்தத் தவறு நிகழ்ந்திராது.

வரித்தொழிலில் சாமர்த்தியம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை இந்த இடத்தில் ஆலோசித்துப் பார்க்கவேண்டும். சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிக்கிறவர் சமர்த்தர் என்ற எண்ணம் ஜனங்களிடம் இருக்கிறது. ஆனால் 2025இல் இயற்றப்பட்டு 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருமாறு விதிக்கப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பழைய பிரிவு எண்கள் எல்லாம் இடம்பெயர்ந்துவிட்டன. 'முந்தைய வருஷம்' என்றும் 'மதிப்பீட்டு வருஷம்' என்றும் இரண்டாக இருந்து தலைமுறை தலைமுறையாக ஜனங்களைக் குழப்பிய சொற்கள் போய், 'வரி வருஷம்' என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. 'எண்பது சி' என்று இடுப்புச் சாவிபோல் வைத்திருந்த எண் செல்லாத நாளிலும் எது செல்லுமென்றால், எதிரே அமர்ந்திருக்கும் மனிதருடைய ஜீவனத்தை விசாரித்து அறியும் பழக்கமே செல்லும்.

நம் வட்டாரத்து ஜீவனங்களோ ஒன்றுக்கொன்று மிக வேறுபட்டவை. கடையநல்லூர்க்காரர் வருஷத்தில் பத்து மாதம் வளைகுடாவில் உழைத்து இரண்டு மாதம் வீட்டில் இருப்பவர். இந்தியாவில் 182 நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் அவர் பொதுவாக வெளிநாட்டுவாசி என்ற கணக்கில் வருவார். கதவிலக்கத்தைப் பார்த்துவிட்டு அவரை உள்நாட்டுவாசி என்று குறித்து, உள்நாட்டுவாசிகளுக்கு மட்டுமே உரிய 'சஹஜ்' படிவத்தில் ரிட்டர்ன் போட்டுவிட்டால், அயல்நாட்டுச் சம்பளத்தையும் இங்கே வரிக்கு உட்படுத்த இடம் கொடுத்ததாகிவிடும். நிலுவைச் சம்பளம் ஒரே தவணையில் பெற்ற ஆசிரியைக்கு, அதைப் பழைய வருஷங்களுக்குப் பிரித்துக் கணக்கிட்டு வரிச்சலுகை கோர உரிமை உண்டு. ஆனால் பழைய சட்டத்தில் 10-இ எனப்படும் படிவத்தை முன்னதாகத் தாக்கல் செய்யாமல் ரிட்டர்னில் மட்டும் சலுகையை எழுதினால், பெங்களூரில் உள்ள செயலாக்க மையம் அதைத் தள்ளிவிட்டு, வட்டியோடு வரி கேட்டுக் கடிதம் அனுப்பும். குற்றாலத்தில் விடுதி நடத்துபவர் விஷயம் இன்னும் நுட்பம். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லாதிருந்தது, 2022 ஜூலை 18 அன்று, சீஸன் உச்சத்தில் இருக்கும்போது, 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்தது, குறைந்ததோடு, வாங்கிய சாமான்களுக்குக் கட்டிய வரியை ஈடு செய்துகொள்ளும் உரிமையும் போயிற்று. விகிதம் குறைந்த செய்தியை மட்டும் படித்துவிட்டு, ஈடு செய்வதைப் பழைய வழக்கப்படியே தொடர்கிற கணக்கர், தம் கட்சிக்காரருக்கு அறியாமலே கடன் சேர்த்து வைக்கிறார்.

பெரிய பட்டணத்துப் பெரிய நிறுவனங்களிடம் போனால் இத்தகைய பிழைகள் நேரா என்று யாரும் எண்ணவேண்டாம். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் என்னும் உலகப் பிரசித்தி பெற்ற கணக்கியல் நிறுவனத்தின் வழக்கு ஒன்று 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தால் தீர்க்கப்பட்டது. ஊராருக்கெல்லாம் வரி சொல்லிக் கொடுக்கும் அந்நிறுவனம், 2000-01 மதிப்பீட்டு வருஷத்துக்குத் தன்னுடைய சொந்த ரிட்டர்னிலேயே, பணிக்கொடைக்காக ஒதுக்கிய 23 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம் ரூபாயைச் செலவாகக் கழித்திருந்தது. அப்படிக் கழிக்கக் கூடாது என்பதை அந்த ரிட்டர்னோடு இணைத்திருந்த தணிக்கை அறிக்கையே சொல்லிற்று. அதிகாரிகள் அபராதம் விதித்தார்கள். நீதிமன்றமோ, இது மறைக்கும் எண்ணமின்றி நேர்ந்த மனிதப் பிழை என்றும், நிபுணத்துவம் உடையவருக்கும் அஜாக்கிரதை நேரக்கூடும் என்றும் கண்டு அபராதத்தை ரத்து செய்தது. தணிக்கை அறிக்கையில் உண்மை திறந்து கிடந்ததே அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது.

அயல்நாட்டு அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவில், நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்ட தணிக்கை அலுவலகத்தார் 2014ஆம் வருஷம், சாதாரண ஜனங்களைப் போல் 19 வரி எழுத்தர் கடைகளுக்குத் தம் ஆட்களை அனுப்பிச் சோதித்தபோது, சரியான தொகையைக் கண்டுபிடித்தவை இரண்டே கடைகள்தாம். ஒரு கடையார் 52 டாலர் குறைத்து எழுதினார்கள். வேறொரு கடையார் 3,718 டாலர் கூடுதலாகத் திரும்ப வரும் என்று எழுதினார்கள். அந்நாட்டில் கூலி பெற்று ரிட்டர்ன் எழுதுபவர் அதில் தம் கையொப்பத்தையும் அடையாள எண்ணையும் இட்டே தீரவேண்டும். கையொப்பம் பிழையை ஒழித்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் பிழை செய்தவர் இன்னார் என்று தெரிகிறது.

தெரியாமல் இருப்பதில் என்ன தீங்கு என்பதற்கு நம் நாட்டு நிகழ்ச்சியே போதும். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறையினர் நாடெங்கும் 150க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடத்தினார்கள்; தமிழ்நாடும் அதில் சேர்ந்திருந்தது. கூலிக்கு ரிட்டர்ன் எழுதும் சிலர், திரும்ப வரும் தொகையில் கமிஷன் பேசிக்கொண்டு, கொடுக்காத வீட்டு வாடகையையும், செய்யாத நன்கொடையையும், இல்லாத கல்விக் கடனையும், வராத நோயின் சிகிச்சைச் செலவையும் எழுதிக் கழிவு கேட்டிருந்தார்கள். பொதுத்துறை ஊழியர், கல்வி நிலையத்தார், பன்னாட்டு நிறுவனப் பணியாளர் என்று படித்தவர்கள் பலரும் இப்படி எழுதிக்கொண்டவர்களில் இருந்தார்கள். அதற்கு முந்தைய நான்கு மாதங்களுக்குள், துறையின் எச்சரிக்கையைக் கண்டு சுமார் 40,000 பேர் தம் ரிட்டர்ன்களைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் தாமாக விலக்கிக்கொண்டார்கள் என்று அரசாங்கம் தெரிவித்தது. இவற்றுள் என் மனத்தை மிகவும் வருத்திய விவரம் வேறு. மொத்த மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, வேலை முடிந்ததும் அவற்றைக் கைவிட்டிருக்கிறார்கள். துறை அனுப்பிய நோட்டீஸ்கள் யாரும் திறவாத அந்தப் பெட்டிகளில் போய் விழுந்தன. வரி செலுத்துபவரின் வாசலை அடைத்துவிட்டு அவர் பெயரில் கடிதம் எழுதிய காரியம் இது.

நல்ல எண்ணமுள்ளவர்களும் சௌகரியத்துக்காக, கட்சிக்காரர்களின் கணக்கில் தம் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவைப்பது உண்டு. கடவுச்சொல் வரும், வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அவர் ஊர் மாறினாலோ நோயில் விழுந்தாலோ, கடிதம் வந்த சேதியே உரியவருக்குத் தெரியாமற் போய்விடும். தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் மின்னணு முறையில் சரிபார்க்காத ரிட்டர்ன் போட்ட நாளில் தாக்கலானதாகவே கொள்ளப்படாது என்ற விதியும் இருக்கிறது. ஆகவே ரிட்டர்ன் போடக் கொடுப்பவர்கள், சேர்க்கப்பட்ட எண்ணும் முகவரியும் தம்முடையவைதாமா என்பதை முதலில் பார்த்துவிடுவது நலம்.

ஏனெனில் பாரம் முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. வருமானம் குறைத்துக் காட்டப்பட்டால் அதற்குரிய வரியில் 50 சதவீதமும், திரித்துக் காட்டப்பட்டால் 200 சதவீதமும் அபராதம் என்று சட்டம் சொல்வது, எழுதியவரைக் குறித்து அன்று. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 48ஆம் பிரிவு, பிராக்டிஷனர் மூலம் ரிட்டர்ன் போட்டாலும் விவரங்களின் உண்மைக்குப் பொறுப்பு பதிவு பெற்ற வியாபாரியையே சேரும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பொய் ரிட்டர்னுக்கு உடந்தையாக இருப்பவரைத் தண்டிக்க வருமான வரிச் சட்டத்தில் வழி உண்டு. ஆயினும் அது மோசக்காரருக்கே பொருந்தும், சிரத்தையற்றவருக்குப் பொருந்தாது. பட்டயக் கணக்காளரானால், பெரும் அஜாக்கிரதையை நடத்தைக் குற்றமாகக் கருதி அவருடைய கழகம் விசாரிக்கும்; விளைவைப் பொறுத்துக் கமிஷன் பேசுவதும் பொதுவாக அவருக்கு விலக்கு. இத்தகைய கழகம் எதிலும் சேராதவரை விசாரிக்கச் சபை ஏதும் இல்லை. 2006ஆம் வருஷத்தில், பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 250 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் ரிட்டர்ன் எழுதித் தரும்படி அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்படிப் பயின்றவர் எழுதினால் படிவத்தில் அவருடைய பெயரும் எண்ணும் மேலொப்பமும் வேண்டும் என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு கட்டத்தை, கூலி வாங்கி எழுதும் எல்லோருக்கும் உரியதாக்கினால் என்ன என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். நன்றாக எழுதுகிறவருக்கு அது கௌரவம். எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்து போகிறவருக்கோ மறைய இடம் இராது.

பிழையைத் திருத்த வழிகள் தாராளமாகவே இருக்கின்றன. மதிப்பீட்டு வருஷத்து டிசம்பர் 31க்குள் திருத்திய ரிட்டர்ன் போடலாம் என்பதே மதினியின் ரிட்டர்னுக்குரிய விதி. அந்நாள் தாண்டினாலும், 2025இல் செய்த மாற்றத்தின்படி நான்கு வருஷம் வரையில், வரியோடு 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் கட்டிப் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். வரியைக் குறைத்துக்கொள்ள மட்டும் அவ்வழி உதவாது. நாள் கடக்கக் கடக்கத் திருத்தம் விலை ஏறுகிறது.

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியர், இக்கோயிலில் பிற்காலத்தில் ஏதேனும் குற்றம் நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர்களை, உலகறியத் தாம் பணிவதாகச் சாசனம் பொறித்திருக்கிறார். தம் வேலையில் குறை வரலாம் என்று ஒரு வேந்தரே முன்கூட்டி ஒப்புக்கொண்டு, திருத்துபவருக்குத் தலைவணங்கியது இந்த மண்ணில் நடந்தது. சிதைந்து நெடுங்காலம் நின்ற அக்கோயிலின் கோபுரம் மீண்டும் எழும்பி 1990இல் குடமுழுக்குக் கண்டதும் இந்த மண்ணில்தான்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்தப் பையன் குடையை மடக்கி மதினி வீட்டுத் திண்ணையில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். இன்னொருவருடைய குடும்ப ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கையில் மதினியின் கணக்கு நினைவுக்கு வந்து, எடுத்துச் சரிபார்த்திருக்கிறான்.

"ஆச்சி, ஆடியில போட்ட ரிட்டர்ன்ல தப்பு நடந்துபோச்சு. என் கவனக்குறைவுதான். வந்த பணத்துல இருபத்து மூவாயிரத்து நானூறு திரும்பக் கட்டணும்" என்றான். குரல் தாழ்ந்திருந்தது.

மதினி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "யாராவது கண்டுபிடிச்சுச் சொன்னாங்களா, நீயாப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"நானாத்தான் ஆச்சி பாத்தேன்."

"அப்ப சரி. கட்டிருவோம். இந்தத் தடவை எனக்கு முழுசா வாசிச்சுக் காட்டு ராசா. போன தடவை நான் கேக்கவே இல்ல."

அவன் காகிதத்தை விளக்குக்குக் கீழே பிடித்து, பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினான். குடும்ப ஓய்வூதியம் என்ற இடம் வந்தபோது நிறுத்தி, அது ஏன் அந்தத் தலைப்பில் வருகிறது என்று சொன்னான். வாசித்து முடித்தபின், வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதியின் அடியில், கேட்காமலே தன் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதினான்.